வாசகர் கேள்வி – பதில்: காலைச் செபமும் நெற்றித் திருநீறும்

கிறிஸ்தவ சமூகப் பராமரிப்பு நிறுவனங்களில் பணிபுரிகின்றவர்கள், அவற்றை நடத்துகின்றவர்கள், அவற்றின் உதவியைப் பெறுகின்றவர்கள் ஆகியோரிடமிருந்து வந்த ஐந்து கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களையோ நிறுவனங்களையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

*

கேள்வி: நான் சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களையும் முதியவர்களையும் பராமரிக்கும் கிறிஸ்தவ இல்லம் ஒன்றில் சில ஆண்டுகளாகப் பராமரிப்பாளராக இருக்கிறேன். காலை எட்டு மணிக்குப் பணியாளர் எல்லோரும் செபத்துக்கு வரவேண்டும். வராதவர்களின் பெயர் குறிக்கப்படுகிறது. புதிதாகப் பொறுப்பேற்றவர், திருநீற்றை அழித்துவிட்டு வேலைக்கு வருமாறு சொல்கிறார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு விடுமுறை கேட்டபோது, "அது எங்கள் திருநாள் இல்லையே" என்றார். மேற்பார்வையாளர் பதவிக்கு, எனக்குப் பின்னர் சேர்ந்த, அவர்களுடைய சபையைச் சேர்ந்த ஒருவரை நியமித்திருக்கிறார்கள். ஊரிலோ, "வேதக்காரரிடம் வேலை செய்து நீயும் வேதக்காரி ஆகிவிட்டாய்" என்கிறார்கள். நோயாளிகளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பொறுத்துப் போவதா, முறையிடுவதா?
– பராமரிப்பாளர் ஒருவர், பரந்தன்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான்கு முறைப்பாடுகள் இருக்கின்றன. அவை நான்கும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதால், ஒவ்வொன்றாகப் பார்ப்பதே உங்களுக்கும் நல்லது, அந்த இல்லத்துக்கும் நியாயமானது.

முதலில் செபம். கிறிஸ்தவர்கள் நடத்தும் இல்லத்தில் நாள் செபத்தோடு தொடங்குவதில் பிழை எதுவும் இல்லை. அந்த இல்லத்தைத் தொடங்கியவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்ததும், மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளை ஏற்கச் செய்ததும் அந்த நம்பிக்கைதான். அவர்கள் செபிக்கும்போது அமைதியாக நிற்பது ஒரு மரியாதை; அதை நீங்களும் மனமுவந்து கொடுத்து வந்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் வந்தவர் யார், வராதவர் யார் என்று பெயர் குறிக்கத் தொடங்கிய கணத்தில் அந்தச் செபம் ஒரு வரவுப் பதிவாகிவிடுகிறது. செபத்துக்கு வராதவர் வேலையில் குறைந்தவர் என்று கணக்கெடுப்பதற்கு எந்த நிறுவனத்துக்கும் நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இதில் நோயாளியின் பக்கம் ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்ற ஒருவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதும், தவறினால் குதிக்காலிலும் இடுப்பெலும்பின் மேலும் தோல் சிவந்து படுக்கைப்புண்ணாகும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. காலை எட்டு மணி என்பது இரவுக் கடமையில் இருந்தவர் போகிற, பகல் கடமைக்கு வந்தவர் பொறுப்பெடுக்கிற நேரம். சிறுநீர்ப் பைகளை வெறுமையாக்கி, அளவைக் கொப்பியில் எழுத வேண்டிய நேரமும் அதுவே. அந்த வேளையில் பணியாளர் அனைவரும் செபக்கூடத்தில் நின்றால், ஈரமான விரிப்பில் கிடக்கிற ஒருவர் கூப்பிடுகிற குரலுக்கு யார் போவது? எனவே பொறுப்பாளரிடம் உங்கள் கோரிக்கையை இப்படி முன்வையுங்கள்: செப நேரத்தில் விடுதியில் நிற்பவர்களுக்கு ஒரு முறைப்பட்டியல் இருக்கட்டும்; செபத்தில் கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் மனநிறைவோடு போகட்டும், மற்றவர்கள் அந்த நேரத்தில் நோயாளிகளோடு நிற்கட்டும். நீங்கள் செபத்தை மறுக்கிறீர்கள் என்ற பேச்சே அங்கே எழாது.

அடுத்தது திருநீறு. தொற்றுப் பரவாமலிருக்க வளையல், மோதிரம், நீண்ட நகம், தொங்கும் சங்கிலி ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வது பராமரிப்பு இடங்களில் நியாயமான விதி. அது சிலுவை கோத்த சங்கிலிக்கும் பொருந்த வேண்டும். நெற்றியில் இருக்கும் திருநீற்றால் எந்த நோயாளிக்கும் எந்தத் தொற்றும் வராது. ஆகவே அது உடல்நலம் பற்றிய கட்டளை என்று சொல்ல முடியாது. உங்கள் நெற்றியைப் பார்க்கும்போது அந்தப் பொறுப்பாளருக்கு என்ன தோன்றுகிறது என்பதைப் பற்றிய கட்டளையே அது. அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அமைதியாக, சண்டையில்லாமல், நாளையும் திருநீற்றோடு போங்கள்.

விடுமுறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆண்டு விடுமுறை உங்களுடையது. அதை எந்தத் திருநாளுக்கு எடுக்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். அன்றைய கடமைக்கு ஆள் இல்லை என்பது மட்டுமே மறுப்பதற்குரிய நேர்மையான காரணம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவுப் பக்கமே திரண்டு போகும் என்பது வன்னியில் இருக்கிற எவருக்கும் தெரியும். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் நீங்கள் நின்று கடமையைப் பார்க்க, பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் கிறிஸ்தவப் பணியாளர் நிற்பதென்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால், எல்லோருக்கும் திருநாளும் கிடைக்கும், நோயாளிக்கு ஆளும் இருக்கும்.

பதவி உயர்வுதான் கடினமான விடயம். எங்கள் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை மதத்தின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அந்த அடிப்படை உரிமையை வைத்து உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமென்றால், மீறியது அரச நிர்வாகமாக இருக்க வேண்டும். திருச்சபையின் இல்லம் அதற்குள் நேரடியாக வராது. தொழில் நியாய சபை முக்கியமாக வேலைநீக்கத்தைப் பற்றி விசாரிக்கும் இடம். கிடைக்காமற்போன பதவிக்காக அங்கே போவது எளிதல்ல. ஆகவே இந்த ஒரு விடயத்தில் சட்டத்தைவிட நிறுவனத்தின் சொந்த மனச்சாட்சியே உங்களுக்கு உதவக்கூடும். அந்தப் பதவிக்கு என்ன தகைமைகள் எதிர்பார்க்கப்பட்டன, எனக்கு எதில் குறைவு என்று எழுத்தில் கேளுங்கள். பொறுப்பாளர் பதில் தராவிட்டால் ஆளுநர் சபைக்கு எழுதுங்கள். அது கத்தோலிக்க நிறுவனமானால், திருச்சபையின் அன்புப்பணி நிறுவனங்களைப் பற்றிப் பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசர் 2012 நவம்பரில் பிறப்பித்த சட்டத்தைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அத்தகைய நிறுவனங்கள் தமது கத்தோலிக்க அடையாளத்தைப் பகிர்ந்துகொள்பவர்களை, குறைந்தபட்சம் அதை மதிப்பவர்களை, பணிக்குத் தெரிவுசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. இத்தனை ஆண்டுகள் அந்த இல்லத்தில் இருந்த நீங்கள் அதை மதிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

ஊர்ப் பேச்சுக்கு ஒரு வரலாற்றுப் பதில் உண்டு. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர். அதன் அதிபரான பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்குவதில் துணைநின்றவர். அந்த வேலையைச் செய்த காலத்திலும் அவர் சைவராகவே இருந்தார். 1848இல் அங்கிருந்து விலகி வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். கிறிஸ்தவரிடம் சம்பளம் வாங்கியதால் நாவலரின் சைவம் குறையவில்லை என்று உங்கள் உறவினரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். சொன்னவர், சொன்ன சொல், சொன்ன நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கொடுக்கும் கடிதங்களின் பிரதியை வீட்டில் வையுங்கள். கோபத்தில் விலகல் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டாம். உங்களை அவர்கள் நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். நீங்களாக விலகிவிட்டால் அந்த வழி மிகவும் ஒடுங்கிவிடும்.

*

கேள்வி: நான் ஓர் அருட்சகோதரி, மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லமொன்றின் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் சபையில் இளம் சகோதரிகள் குறைந்துவிட்டார்கள். பணியாளர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். நல்ல மனிதர்கள். ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்த நன்கொடையாளர்கள், "இந்த இல்லத்தில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். சுற்றியுள்ள ஊரவர்களோ நாங்கள் மதம் மாற்றுகிறோம் என்று சந்தேகிக்கிறார்கள். செபத்தைக் கட்டாயமாக்காமல், சுவரிலுள்ள திருவிருதயப் படத்தையும் கழற்றிவிட்டால் நாங்கள் யார்?
– அருட்சகோதரி ஒருவர், மன்னார் மறைமாவட்டம்

பதில்: மதிப்புக்குரிய சகோதரி, படத்தைக் கழற்ற வேண்டாம். சிற்றாலயத்தையும் பூட்ட வேண்டாம். உங்களிடம் வேலை கேட்டு வருகிற சைவப் பெண், கிறிஸ்தவர்களின் இல்லத்துக்கு வருகிறோம் என்று தெரிந்தே வருகிறாள். அதை மறைத்தால்தான் அவளுக்குச் சங்கடம். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குச் சைவர்கள் நேர்த்திக்கடனோடு போகிற நாடு இது. கிறிஸ்தவ அடையாளங்களைக் கண்டு எங்கள் சனங்கள் மிரளுவதில்லை. அந்த அடையாளங்களை வைத்துத் தங்களை அளப்பதையே அவர்கள் வெறுக்கிறார்கள்.

நன்கொடையாளர்களின் கேள்வி நியாயமானது. அதே கேள்வி அவர்களுடைய நாட்டிலும் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனியில் கத்தோலிக்கரின் காரித்தாஸ், புரட்டஸ்தாந்தரின் டியக்கோனி ஆகிய இரண்டு சமூகப்பணி அமைப்புகளிலும் சேர்த்துப் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பணிபுரிகிறார்கள். மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், சிறுவர் பாடசாலைகள் எல்லாம் அதற்குள் அடங்கும். மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்த மருத்துவரைப் பணிநீக்கும் அளவுக்கு அங்கே கத்தோலிக்க நிறுவனங்களின் விதிகள் ஒரு காலத்தில் இறுக்கமாக இருந்தன. 2022 நவம்பரில் அந்நாட்டு ஆயர்கள் தமது தொழில் விதிகளை மாற்றினார்கள். நிறுவனத்தின் கிறிஸ்தவத் தன்மையைக் காக்கும் பொறுப்பு முதன்மையாக நிறுவனத்துக்கும் அதை நடத்துகின்றவர்களுக்கும் உரியது என்றும், பணியாளரின் அந்தரங்க வாழ்க்கைக்குள் வேலைகொடுப்பவர் நுழையக் கூடாது என்றும், பல மதத்தவர் சேர்ந்து பணிபுரிவது நிறுவனத்துக்கு வளமே என்றும் புதிய விதிகள் சொல்கின்றன. வழிபாடு, மறைபரப்பு போன்ற பணிகளில் இருப்போரும் நிறுவனத்தின் முகமாக நிற்போரும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. திருச்சபையிலிருந்து வெளிப்படையாக விலகியவருக்குத் தடை இருப்பதும் மாறவில்லை. ஆகவே அடுத்த முறை அவர்கள் கேட்கும்போது, உங்கள் ஆயர்களின் விதிகளே எங்களுக்கும் வழிகாட்டி என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

ஊரவர்களின் சந்தேகத்தை நான் இலேசாக எடுக்கமாட்டேன். நீங்களும் எடுக்கக் கூடாது. 2003இல் திருச்சிலுவைக் கன்னியர் சபையொன்றைச் சட்டப்படி கூட்டிணைப்பதற்கான மசோதா வந்தபோது, மதத்தைப் பரப்புவதையும் பொருளுதவி செய்வதையும் ஒருங்கே நோக்கமாகக் கொண்டிருப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று எங்கள் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது அந்தச் சகோதரிகளின் மதச் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் மீறியது என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005இல் கூறியது. சகோதரிகளுக்கு நேர்ந்தது அநீதி என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அந்தத் தீர்மானத்தின் பின்னால் நின்ற அச்சம், பசித்தவனின் பசியை வைத்து அவனுடைய சாமியை மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம், பௌத்தருக்கு மட்டும் உரியது அல்ல. உங்கள் அயலிலுள்ள சைவருக்கும் அது உண்டு. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சரச் சிவன்கோயிலின் வளைவு தொடர்பாக மாந்தையில் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே நடந்த மோதல் எவ்வளவு விரைவாக எங்கள் இரு சமூகங்களையும் கசப்புக்குள் தள்ளியது என்பதை மன்னாரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த அச்சத்துக்கு உங்கள் திருச்சபையே தெளிவான பதிலைத் தந்திருக்கிறது. அன்புப்பணியை மதமாற்றத்துக்குக் கருவியாக்கக் கூடாது என்றும், கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நேரம் உண்டு, பேசாமல் அன்பை மட்டும் பேசவிடுவதற்கு ஒரு நேரம் உண்டு என்பதைக் கிறிஸ்தவன் அறிவான் என்றும் பெனடிக்ட் பாப்பரசரின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுமடல் சொல்கிறது. உதவியை மத நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற 1994ஆம் ஆண்டின் பேரிடர் நிவாரண நடத்தைக் கோவைக்குக் காரித்தாஸ் அமைப்பும் பொறுப்பேற்றிருக்கிறது. இவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, திருவிருதயப் படத்துக்குக் கீழேயே மாட்டி வையுங்கள் என்று சொல்வேன். வருகிற ஊரவர் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கட்டும்.

அப்படியானால் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது? வாசலில் இருக்கிற பெயர்ப் பலகையைவிட, இல்லத்தில் ஒருவர் சாகக் கிடக்கிற இரவில் அதைத் தேடிப் பாருங்கள். சைவ முதியவர் ஒருவர் கடைசி மணித்தியாலத்தில் நெற்றியில் திருநீறு பூசச் சொல்லிக் கேட்கிறார் என்று வையுங்கள், உங்கள் அலுமாரியில் செபமாலை இருக்கும், நோயில் பூசும் எண்ணெய்க்குப் பாதரைக் கூப்பிட இலக்கம் இருக்கும், திருநீறு இருக்கிறதா? ஒரு சிறிய சம்புடத்தில் திருநீறும், ஒரு தேவாரப் புத்தகமும், முஸ்லிம் ஒருவர் வந்தால் விரிக்கத் தொழுகைப் பாயும் அந்த அலுமாரியில் இருக்கட்டும். யார் இறந்தால் யாருக்கு அறிவிப்பது, தகனமா அடக்கமா, கிரியை செய்ய யாரை அழைப்பது என்பதை அவர் இல்லத்துக்கு வரும் நாளிலேயே கேட்டுக் கோவையில் எழுதி வையுங்கள். அந்தத் திருநீற்றை எடுத்துக் கொடுக்கிற கை ஓர் அருட்சகோதரியின் கையாக இருந்தால், அங்கே நிற்கிற சைவப் பணியாளர் அதற்குப் பிறகு உங்கள் காலைச் செபத்தை வேறு கண்ணால் பார்ப்பார்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளில் இல்லத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள்: தொடங்கியவர் யார், எதற்காகத் தொடங்கினார், போரின் இறுதி மாதங்களில் இங்கே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது, இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களிலிருந்து யார் யார் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன, எதிர்பார்க்கப்படாதது என்ன என்பது நியமனக் கடிதத்திலேயே இருக்கட்டும். இல்லத்தின் கிறிஸ்தவத் தன்மையை மதிக்க வேண்டும் என்று எழுதுங்கள். வழிபாட்டில் கலந்துகொள்வது விருப்பத்துக்குரியது என்றும் எழுதுங்கள். கட்டாயம் நீங்கியதும் செபக்கூடத்தில் கூட்டம் குறையலாம். அதற்கு நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். பணியாளர்கள் ஓர் இல்லத்தின் மதத்தைச் செபக்கூடத்தில் கற்றுக்கொள்வதில்லை. மேலிடம் தங்களோடு பேசுகிற விதத்தில்தான் கற்றுக்கொள்கிறார்கள். சமையற்கட்டில் நிற்கிற பெண்ணைப் பெயர் சொல்லி, "வாங்கோ, இருங்கோ" என்று கூப்பிடுகிற பொறுப்பாளர் ஒருவர், பத்து மறையுரைகளில் சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறார். அதே பெண்ணை எல்லோருக்கும் முன்னால் திட்டிவிட்டு மாலையில் செபமாலை சொல்ல அழைத்தால், அவள் எதை நம்புவாள்?

*

கேள்வி: கணவர் இறந்த பிறகு, வறுமையால் மகனைச் சகோதரிகள் நடத்தும் சிறுவர் இல்லத்தில் விட்டிருக்கிறேன். நன்றாகப் பார்க்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன், சாப்பிட முன்னர் சிலுவை அடையாளம் போடுகிறான். உறவினர்கள், "பிள்ளையை விற்றுவிட்டாய்" என்று ஏசுகிறார்கள். நான் என்ன செய்ய?
– தாய் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, நீங்கள் பிள்ளையை விற்கவில்லை, அவன் பசியாறவும் படிக்கவும் வழி செய்திருக்கிறீர்கள். அப்படி ஏசுகிறவர்கள் அவனுடைய ஒரு மாதச் செலவைப் பொறுப்பெடுக்க முன்வந்தார்களா என்று நான் கேட்க விரும்புகிறேன். கூட இருக்கிற பிள்ளைகள் செய்வதைப் பார்த்து ஒரு பிள்ளை சிலுவை அடையாளம் போடுவது இயல்பு. அதற்காக அவனைக் கண்டிக்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கேட்பது நன்றிகெட்ட செயலும் ஆகாது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, குடும்பத்தைவிட்டு வெளியே வளரும் பிள்ளையின் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றுக்கு உரிய கவனம் கொடுக்க வேண்டும் என்கிறது. 14ஆம் உறுப்புரை பிள்ளையின் மதச் சுதந்திரத்தையும், அதில் வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சொல்கிறது. அடுத்த முறை போகும்போது சகோதரியிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். பாடசாலையில் அவன் எந்தச் சமய பாடத்தைப் படிக்கிறான்? எங்கள் பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடம், க.பொ.த. சாதாரண தரத்துக்குச் சைவநெறியில் தோற்றப் போகிறானா, கத்தோலிக்கத்திலா என்பது பல இல்லங்களில் பெற்றோரைக் கேட்காமலேயே முடிவாகிவிடுகிறது. அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அயலிலுள்ள சைவ அறநெறிப் பாடசாலைக்கு அவனை அனுப்ப முடியுமா? நல்ல இல்லங்கள் இதற்குத் தடை சொல்வதில்லை. தடை சொன்னால், சிறுவர் இல்லங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கிற மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

கிளிநொச்சி மகாதேவா ஆச்சிரமத்தையோ வவுனியா கோயில்குளம் அருளகத்தையோ போன்ற சைவ இல்லத்துக்கு மாற்றிவிடு என்று உறவினர் சொல்லக்கூடும். அவை நல்ல இடங்கள்தான். ஆயினும் ஏற்கெனவே தகப்பனை இழந்து, ஒருமுறை வீட்டைவிட்டுப் பிரிந்து, இப்போது ஓரிடத்தில் ஒட்டிக்கொண்ட பிள்ளையை மறுபடியும் பிடுங்கி நடுவதற்கு முன்னால் அவனைக் கேளுங்கள். சைவ இல்லத்தில் வளரும் கிறிஸ்தவப் பிள்ளை விடயத்திலும் நான் இதையே சொல்வேன்.

*

கேள்வி: நான் சாரதி; பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். கத்தோலிக்க நிறுவனமொன்றின் சாரதி வேலைக்கு, "கத்தோலிக்கருக்கு முன்னுரிமை" என்று விளம்பரம் வந்திருந்தது. இது சரியா?
– வவுனியா வாசகர்

பதில்: சரியென்று எனக்குப் படவில்லை. இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயம், வேலையில் மத அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. ஒரு வேலையின் தன்மையே அதைக் கோரினால் மட்டும் விலக்கு. மறைக்கல்வி ஆசிரியர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். சாரதிக்கு வேண்டியது அனுமதிப்பத்திரமும் நிதானமும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2018 ஏப்ரலில், டியக்கோனி அமைப்பின் ஒரு பதவி பற்றிய வழக்கில், மதத் தகைமை அந்தக் குறிப்பிட்ட பணிக்கு உண்மையாகவே தேவைப்படுகிறதா என்பதை நீதிமன்றம் பரிசோதிக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது. அதன் நியாயம் எங்களுக்கும் புரியும். நீங்கள் விண்ணப்பியுங்கள். முன்னுரிமை என்று மட்டுமே போட்டிருக்கிறார்கள்; கதவை மூடிவிடவில்லை.

*

கேள்வி: நான் கிறிஸ்தவன், கிறிஸ்தவ இல்லமொன்றில் வேலை செய்கிறேன். சேமலாப நிதி கட்டுவதில்லை. கேட்டால், "இது வேலை இல்லை, ஊழியம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். சைவப் பணியாளர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிற்கிறார்கள். நான் மட்டும் சம்பளமில்லாமல் பாடற்குழுவுக்கும் ஆலய வேலைக்கும் போகவேண்டியிருக்கிறது. கேட்க வெட்கமாக இருக்கிறது.
– பணியாளர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: தம்பி, வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. மற்ற மதத்தவரை ஒதுக்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; சொந்த மதத்தவரின் பக்தியை வைத்து அவர்களிடம் இலவசமாக வேலை வாங்குவதைப் பற்றிப் பேசுவார் இல்லை. கூலிக்காரருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் திருமுகம் சொல்வதை உங்கள் பொறுப்பாளரும் படித்திருப்பார்.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் நீங்களும், 12 வீதம் நிறுவனமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் தனியாக 3 வீதம் செலுத்த வேண்டும்; அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரிகிற தர்ம நிறுவனங்களுக்குச் சேமலாப நிதியில் விலக்கு இருக்கிறது. ஆகவே முதலில் உங்கள் இல்லத்தில் எத்தனை பேர் சம்பளம் பெறுகிறார்கள் என்று எண்ணுங்கள். சமையலாளரையும் இரவுக் காவலாளரையும் விட்டுவிட வேண்டாம். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்து, நீங்கள் ஐந்து ஆண்டுகள் முடித்திருந்தால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, விலகும்போது ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும் உங்களுக்கு உரியது.

பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைத் தருமாறு கேளுங்கள். குற்றம் சாட்டாமல், இலக்கத்தை மட்டும் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில், சம்பளச் சீட்டு இருந்தால் அதோடும், இல்லாவிட்டால் நியமனக் கடிதத்தோடும் முறையிடலாம். பாடற்குழுவைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். பாட விருப்பமானால் பாடுங்கள், களைப்பாக இருந்தால் வீட்டில் நில்லுங்கள். அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியது உங்கள் பங்குத் தந்தைக்கே, இல்லத்தின் அலுவலகத்துக்கு இல்லை.